‘ங்’ போட்ட பாட்டு

டிசம்பர் 22, ஞாயிறு

ரயில்வே ஸ்ட்ரைக் நடந்த வருஷம் அது. மே மாதம் போத்தனூர் ஷெட்டில் ஒரு எஞ்சினிலும் புகை இல்லை. கரி அள்ளுகிற கையெல்லாம் சும்மா கிடந்தது. அதே மாதம்தான் ராஜஸ்தான் பக்கம் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள் என்று டீக்கடை ரேடியோ சொன்னது. ஆவணியில் எனக்குக் கல்யாணம். ஐப்பசியில் கமலா, என் எஞ்சின் டிரைவர், ஆங்கிலோ-இந்தியர் ஃபெர்ன்லி துரையின் மகள் ஐரிசம்மா வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அங்கே இரண்டு குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். மார்கழியில் கிறிஸ்துமஸ். அன்று சாயங்காலம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில், துரைமார் ஆடிப் பாடுகிற கிளப்பில், ஐரிசம்மாவின் தம்பி டெஸ்மண்ட் பாடினான். எழுதிக்கொண்டாயா அம்மிணி? இதை வரிசையாகச் சொன்னால் வருஷம் தன்னால் வரும். எனக்கு நம்பர் எழுதத் தெரியாது. வரிசை தெரியும்.

சொல்கிறவன் ஆறுக்குட்டி, ரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற பயர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். எழுதுகிறவள் என் மகள் வசந்தாமணி. பாத்திரக்கடையில் பில் போட்டுவிட்டு வந்து, கடைக்காரர் கொடுத்த டைரியில் எழுதுகிறாள். “பேசற மாதிரியே எழுதட்டுங்களா, புத்தகத்துல வர்ற மாதிரி எழுதட்டுங்களா?” என்று கேட்டாள். “உங்கம்மா படிக்கிற மாதிரி எழுது” என்றேன். கமலா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

ஏன் எழுத வேண்டும் என்றால், கமலாவுக்குக் காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கு அவளிடம் சொல்லிவிடுவேன். இப்போது கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்திச் சொன்னால் எல்லாமே சண்டை மாதிரி ஆகிவிடுகிறது.

இன்றைக்கு விஷயம் இதுதான். டெஸ்மண்ட் வருகிறான். ஆஸ்திரேலியாவில் இருந்து. தை மாதம், பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டுப் பாடப் போகிறான். ஐரிசம்மா ஆள் விட்டுச் சொன்னாள், எனக்கும் கமலாவுக்கும் முன்வரிசையில் நாற்காலி என்று. அன்றைக்கு நாங்கள் முன்வரிசையில் இல்லை. உள்ளேயே இல்லை. இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதற்கு மேலே ஜன்னல். ரயில்வே லைன் வீடுகளில் குடியிருந்த எங்கள் சனமெல்லாம் தொட்டியடியில் நின்றுதான் கேட்போம். உள்ளே யார் ஆடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று தெரியாது. சத்தம் மட்டும் வரும், கேக் வாசம் வரும்.

டெஸ்மண்ட் பாடியது ரொம்ப மெதுவான பாட்டு. கிட்டாரைத் தட்டாமல் தடவுகிற மாதிரி வாசித்தான். எல்லாம் இங்கிலீஷ். நடுநடுவே ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

கமலாங்... ஓ... கமலாங்...

பாய்ண்ட்ஸ்மேன் சம்சாரம் மாராத்தாள் கமலாவின் தோளில் ஓங்கித் தட்டினாள். “ஏ கமலா! பாடறவரு உன்னையத்தான் கூப்புடறாரு. அதும் ‘ங்’ போட்டு!”

எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு அந்த ‘ங்’ ஒன்று போதும். வாங், போங், சரிங். பெண்டாட்டி புருஷனுக்குப் போடுவாள். புருஷன் பெண்டாட்டிக்குப் போட்டால் ஊர் சிரிக்கும். இங்கே ஒரு துரை மகன், சூட்டுக் கோட்டுப் போட்டவன், மைக்கில், ஒரு கரிக்காரன் பெண்டாட்டியை ‘கமலாங்’ என்கிறான். தொட்டியடியில் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவரை லைனில் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘கரிக்காரன் ஊட்டுக்காரி’ அவ்வளவுதான். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சொல்லும்போது வசந்தாமணியின் கை நின்றுவிட்டது.

“என்ன அம்மிணி?”

“ஒண்ணுமில்லீங்ப்பா. சொல்லுங்” என்றாள்.

டிசம்பர் 25, புதன்

ஐரிசம்மா வீட்டிலிருந்து கேக் வந்தது. கமலா தன் பங்கில் முந்திரியைப் பொறுக்கி எனக்கு வைத்தாள். பல் இல்லாதவனுக்கு முந்திரி.

ஃபெர்ன்லி துரையைப் பற்றிச் சொல்லச் சொன்னாள் வசந்தாமணி. நல்ல மனுஷன். எஞ்சினை வாயில்லா ஜீவன் மாதிரி நடத்துவார். விடிவதற்கு முன்னால் சைக்கிளில் ஷெட்டுக்குப் போகிற வழியில் எங்கள் லைன் வாசலில் காலை ஊன்றி நிற்பார். மணியடித்து, இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லி என்னைக் கூப்பிடுவார். நான் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

“என்ன வார்த்தை சொல்லிக் கூப்புடுவாருங்ப்பா?”

மறந்துவிட்டது என்றேன்.

“அணுகுண்டு வெடிச்சது ஞாபகம் இருக்குது, தொட்டியடியில யாரு நின்னாங்கங்கறது ஞாபகம் இருக்குது, தினமும் கேட்ட வார்த்தை மறந்துபோச்சாக்கும்?”

வயசாகிவிட்டது என்று எழுது.

டிசம்பர் 29, ஞாயிறு

டெஸ்மண்ட் பாடுவது என்ன மாதிரி பாட்டு என்று வசந்தாமணி ஐரிசம்மாவிடம் போனில் கேட்டாளாம். ‘சாஃப்ட் ராக்’ என்றாளாம். ராக் என்றால் பாறை என்று வசந்தாமணி சொல்கிறாள். சாஃப்ட் என்றால் மெத்தென்று இருப்பது. மெத்தென்ற பாறையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டு அப்படித்தான் இருந்தது.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கமலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன்.

“யாரு? டெஸ்மண்ட்டா? அந்தப் பையன் இன்னும் பாடறானா?”

“உன்ற பாட்டைப் பாடப் போறான்!”

“என்ற ரோட்டையா?”

“பாட்டு! பாட்டு!”

பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

கமலாவிடம் ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷின் இருக்கிறது. பீரோவில் தூங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டால்தான் கச்சேரிக்குக் கூட்டிப் போவேன் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன். டைரியிலும் எழுதிவிடு அம்மிணி, படிக்கட்டும்.

ஜனவரி 3, வெள்ளி

மெஷினைப் போட்டாள். அரை மணி நேரம். குக்கர் விசில் மண்டைக்குள் அடிக்கிறதாம், பேப்பர் மடித்தால் வீடு இடிகிற மாதிரி கேட்கிறதாம். “காதுக்குள்ள வண்டு உட்ட மாதிரி இருக்குதுங்” என்று கழற்றி வைத்துவிட்டாள்.

அந்த அரை மணியில் பின்னால் போய் நின்று, மெதுவாக, பழைய மாதிரி, “கமலாங்” என்றேன்.

திரும்பினாள். “கமலான்னு கூப்புட்டீங்களா?”

‘ங்’ கேட்கவில்லை.

இது எனக்கு ஒரு கஷ்டமான விஷயம், எழுதினாலும் பரவாயில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விளையாட்டுக்காக அவளைக் ‘கமலாங்’ என்று கூப்பிட்டேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாளும் கூப்பிட்டேன். லைன் சிரித்தது, என் அம்மா திட்டினாள், அப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது. எத்தனை சண்டை வந்தபோதும் அந்த ‘ங்’ போனதில்லை. ‘ங்’ போட்டுக் கூப்பிட்டுவிட்டு ஒருத்தி மேல் கை நீட்ட முடியாது என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. லைனில் மற்ற வீடுகளில் கேட்ட சத்தம் எங்கள் வீட்டில் கேட்காததற்கு அதுதான் காரணம். நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை.

காது போனபின் கத்திக் கூப்பிடுகிறேன். கத்தினால் ‘ங்’ நிற்பதில்லை. ‘கமலா!’ என்பது மட்டும்தான் போய்ச் சேருகிறது. நானும் விட்டுவிட்டேன். மைக்கில் டெஸ்மண்ட் பாடினால் கேட்கும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

இது கமலாத்தாள் எழுதுவது. வசந்தாமணி பேனாவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

இதுவரை எழுதியதைப் படித்தேன். அன்றைக்குத் தொட்டியடியில் முந்தானையை வாயில் வைத்தது வெட்கத்தால் அல்ல. மாராத்தாள் தட்டிய வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், காரணம் மட்டும் தப்பாக இருக்கும்.

கேக்கில் முந்திரியைப் பொறுக்கி வைத்தது ஊறப்போட்டுத் தின்பார் என்றுதான்.

மெஷினைத் தினமும் போட்டுப் பழகுகிறேன். கச்சேரிக்கு வருகிறேன்.

ஜனவரி 8, புதன்

இந்தப் பக்கத்தை எழுதியதும் மடித்துக் குண்டூசி குத்திவிடு என்று வசந்தாமணியிடம் சொல்லியிருக்கிறேன். கமலா படிக்கக் கூடாது.

ஐரிசம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்கிவிட்டாள், லிப்ஸ்டிக்கை மட்டும் விடவில்லை. டீ கொடுத்தாள். டெஸ்மண்ட் எப்படிப் பாடுகிறான் என்று கேட்டேன்.

“அவனுக்கு இப்போ தொண்டை இல்லை மேன். பேச்சுத்தான் ஜாஸ்தி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால ஒரு கதை. இந்தப் பாட்டு இப்படி எழுதினேன், இந்த வார்த்தைக்கு இது அர்த்தம்னு. இங்க வந்தா தமிழ்லயே சொல்லப் போறானாம். ஜனங்க அழுவுது, சிரிக்குது.”

டீயைக் கீழே வைத்தேன்.

“எல்லாப் பாட்டுக்குமாங்?”

“எல்லாத்துக்கும். முக்கியமா அந்தப் பாட்டுக்கு. அது இல்லாம அவனை மேடையை விட்டு இறக்க மாட்டாங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஆறுக்குட்டி! உங்க லைன்ல அப்போ ஒரு ஜோக் இருந்துச்சே. கமலாவைக் கூப்பிடறதுன்னு. நீ இன்னும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கியா? அது ‘கம் அலாங்’ மேன். வா, கூட வான்னு அர்த்தம்.”

“தெரியுமுங்” என்றேன். “அன்னைக்கே தெரியும். உங்க அப்பா தினமும் அந்த வார்த்தையைச் சொல்லித்தானே என்னைக் கூப்புடுவாரு. கம் அலாங், மேன்னு.”

“அப்புறம் கமலாகிட்ட சொல்லலை?”

எப்படிச் சொல்வது? தொட்டியடியில் மாராத்தாள் கத்தியபோதே என் வாயில் வந்துவிட்டது, ‘அட, அது துரை கூப்பிடுகிற வார்த்தை’ என்று. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் மூடியே வைத்திருக்கிறேன். ஒரு பாட்டில் தன் பேர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி வாழ்ந்துவிட்டாள். கடைசிக் காலத்தில், முன்வரிசையில் உட்கார வைத்து, மைக்கில், அது நீ இல்லை என்று சொல்ல விடுவதா?

மெஷின் போட்டால் பாட்டு கேட்கும், கதையும் கேட்கும். போடாவிட்டால் இரண்டும் இல்லை.

வசந்தாமணி எழுதி முடித்துவிட்டு, “எனக்கு மூணாவது படிக்கறப்பவே தெரியுமுங்ப்பா. அம்மா மனசு நோகுமேன்னு சொல்லலை” என்றாள். சரி, அவளுமா. குத்து குண்டூசியை.

ஜனவரி 10, வெள்ளி

மெஷினுக்குப் பேட்டரி காணவில்லை. எல்லாரும் தேடுகிறோம்.

ஜனவரி 11, சனி

இன்னும் கிடைக்கவில்லை. “வெச்ச எடத்துல இல்லீங். எலி தின்னிருக்குமா?” என்கிறாள் கமலா. தின்னும் என்றேன். வேறு வாங்கலாம் என்றாள் வசந்தாமணி. பொங்கலுக்குக் கடையெல்லாம் மூடியிருக்கும் என்றேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றாள். இவள் யார் பக்கம் என்று தெரியவில்லை.

“மெஷின் இல்லாட்டி என்ன, சும்மா வந்து ஆளைப் பார்த்துட்டு வரலாம்” என்று கத்தினேன்.

“அன்னைக்கு மெஷின் போட்டாத்தான் கூட்டீட்டுப் போவேன்னு டைரில எழுதி வெச்சது யாரு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஜனவரி 13, திங்கள்

காப்புக்கட்டு. வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டி, கூரை முனையில் செருகினோம். நான் ஸ்டூலில் ஏறினேன். கமலா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மேலே நின்றபடி “விடு, நான் விழ மாட்டேன்” என்றேன். கேட்கவில்லை. கேட்டாலும் விட்டிருக்க மாட்டாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லை. பொங்கல் இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

இந்தப் பக்கத்துக்கும் குண்டூசி.

டெஸ்மண்ட் நேற்று வந்து இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு, இன்று காலை ஐரிசம்மா வீட்டுக்குப் போனேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாசல் படியில் நின்று உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். அன்று பார்த்த ஆளில் பாதி. முடி எல்லாம் பஞ்சு. தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

“யாரு மேன்?”

“பயர்மேன் ஆறுக்குட்டிங். உங்க அப்பா எஞ்சின்ல...”

அவ்வளவுதான். துண்டோடு வந்து கட்டிக்கொண்டான். என் சட்டை நனைந்துபோயிற்று. “டாடியோட பயர்மேன்! ஐரிஸ், பாரு, டாடியோட பயர்மேன் வந்திருக்குது!”

உட்கார வைத்தான். ஆஸ்திரேலியாவில் அவன் அப்பா சாகும்போதுகூட போத்தனூர் ஷெட் பேச்சுத்தானாம். “ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டு, கரி போடு, கரி போடுன்னு சொல்லும். நர்ஸுக்கு ஒண்ணும் புரியாது. நான்தான் போட்டாச்சு டாடின்னு சொல்லுவேன்.”

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பாட்டுக்கு மட்டும் கதை வேண்டாம். ஏன் என்றான். சொன்னேன். தொட்டியடி, மாராத்தாள், ‘ங்’, எல்லாம். சிரித்தான் பாருங்கள், சிரிப்பு இருமலாகி, ஐரிசம்மா ஓடிவந்து முதுகைத் தட்டினாள்.

சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். “உனக்கு ஒண்ணு தெரியுமா மேன்? அந்தப் பாட்டு எங்கேயிருந்து வந்துச்சு? நான் படுத்துக்கிட்டிருப்பேன். இருட்டா இருக்கும். டாடி சைக்கிளை எடுத்துட்டுப் போகும். கொஞ்ச தூரத்துல மணி அடிக்கும். ‘கம் அலாங், மேன்’னு கூப்பிடும். ஒரு கதவு திறக்கும். ரெண்டு பேர் பேசிக்கிட்டே போவாங்க. அது கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும். டாடிக்குத் துணைக்கு ஆள் இருக்குது, பயம் இல்லைன்னு. அதுதான் பாட்டு. வேற ஒண்ணும் இல்லை.”

அப்படியானால் அந்தக் கதவு எங்கள் வீட்டுக் கதவு.

“தொண்டைக்கு மிளகுப் பால் குடிங்” என்றேன்.

“நான் கதை சொல்ல மாட்டேன். ப்ராமிஸ்” என்றான். “பாட்டு உன் கமலாவுக்கே இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் பேட்டரி கிடைத்துவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எலிதான் இழுத்துப் போயிருக்கும்.

ஜனவரி 18, சனி

இதற்கும் குண்டூசி. இப்போதுதான் வீடு வந்தோம். வசந்தாமணி கால் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறாள். ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்றாள். எனக்கு எப்போது ஞாபகம் போயிற்று?

கமலா அரக்குக் கலர் சேலை கட்டினாள். காதில் மெஷின். மைதானம் நிறைந்துவிட்டது. எங்கெங்கோ போயிருந்த சனமெல்லாம் வந்திருந்தது. பாட்டிகள் எல்லாம் கவுனும் பவுடருமாக, ஒருத்தரை ஒருத்தர் கத்திக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு ஐரிசம்மா பக்கத்தில் நாற்காலி.

டெஸ்மண்ட் வெள்ளைச் சட்டையில் வந்தான். நின்று பாட முடியவில்லை. உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொண்டான். முதல் பாட்டில் குரல் ஏறவில்லை, உடைந்தது. ஆனால் அவன் கவலைப்படவில்லை. மேலே போக வேண்டிய இடம் வந்தால் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டிவிடுவான். அவர்கள் மேலே போவார்கள். அவன் கீழேயே நின்று காத்திருப்பான், ஏணி பிடிக்கிற ஆள் மாதிரி. கீழே இருக்கிற குரல் மட்டும் அப்படியே இருந்தது. கொஞ்சம் தூசி படிந்திருந்தது, அவ்வளவுதான். ஐரிசம்மா சொன்னபடி ஒவ்வொரு பாட்டுக்கும் கதை சொன்னான். கப்பலில் பாடியது, பெண்டாட்டி செத்தது, பனியில் கிட்டார் கம்பி அறுந்தது. கமலா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது.

கடைசியில் கிட்டாரை அந்தத் தடவுகிற மாதிரி தடவினான். சனம் ஓவென்றது.

“இந்தப் பாட்டுக்குக் கதை கிடையாது” என்றான் மைக்கில். “கதை சொல்லக் கூடாதுன்னு ஒரு பயர்மேன் ஆர்டர் போட்டிருக்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். வாக்குக் காப்பாற்றிவிட்டான்.

பாட்டு மெதுவாக ஏறியது. அந்த இடம் வந்தது. கமலாங்...

அப்போது ஒன்று நடந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். முன்னால் நீட்டி, விரலை மடக்கி, வா, வா என்று கூப்பிட்டார்கள். கமலாங், வா. கமலாங், வா. ஐரிசம்மாகூட. அந்தப் பாட்டுக்கு அப்படித்தான் ஆடுவார்களாம், இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளிலிருந்தே. தொட்டியடியில் நின்ற எங்களுக்கு எப்படித் தெரியும்? கதையை மூடிவைத்தேன், பேட்டரியை ஒளித்து வைத்தேன். இத்தனை கையை நான் எங்கே ஒளிப்பேன்? காது கேட்காதவளுக்குக்கூடப் புரிந்துவிடும், அது பேர் இல்லை, கூப்பிடுகிறது என்று.

கமலாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன்.

அவளும் கையைத் தூக்கி, விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரையும் பார்த்து அவளும் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எல்லாரும் மேடையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். இவள் மேடையைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பேருந்து ஏறினோம். கமலா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம்.

“கம் அலாங், மேன்! காப்பி ஆறுது!”

பிரஷ் கீழே விழுந்துவிட்டது. ஒரு நிமிஷம் துரை வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்படியே அவர் மாதிரி, ‘மேன்’னை இழுத்து. திரும்பினால் கமலா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், காதில் மெஷினோடு.

நேராகப் போய் டைரியை எடுத்துப் பார்த்தேன். மூன்று குண்டூசியும் குத்தினது குத்தினபடி இருந்தது. அவள் பிரிக்கவில்லை.

“என்னத்தைப் பார்க்கறீங்? நான் அதையெல்லாம் தொடலை” என்றாள். “ஐரிசம்மா ஊட்டுல ரெண்டு குட்டிச்சாத்தானை ஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போனவ நானு. அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வாசல்ல ஒருக்கா, கேட்டுல ஒருக்கா, ரோட்டுல நூறு தடவை. பேபி, கம் அலாங். பாபா, கம் அலாங். அப்பறம் விடியறதுக்கு முன்னால என்ற ஊட்டு வாசல்ல ஒருத்தரு வந்து உங்களை அதே வார்த்தையில கூப்புட்டாரே, எனக்குக் காது அப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

“அப்ப அன்னைக்கே தெரியுமா?”

“தொட்டியடியிலயே தெரியும். மாராத்தாகிட்ட, அட அது இல்லடீன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவ தட்டி நாக்கு கடிபட்டுப்போச்சு.”

“அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?”

காப்பியை என் கையில் கொடுத்தாள். “சொல்லலாமுன்னுதான் இருந்தேன். மறுநா காலைல நீங்க வந்து ‘கமலாங்’னீங்க. எனக்கு யாரு அதுவரைக்கும் ‘ங்’ போட்டாங்க? சொல்லிப்போட்டா நிறுத்திப்போடுவீங்களேன்னு உட்டுட்டேன்.”

வசந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை.

“ரெண்டு வருசமா அந்த ‘ங்’ இல்லை” என்றாள் கமலா. “காது போனதுன்னு எனக்கு வருத்தமே இல்லீங். டைரியப் படிக்கற வரைக்கும் நீங்க அதை நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நிறுத்தலை. கத்தினா நிக்கறதில்லை, அதான்.”

“இப்பக் கத்தாம சொல்லுங். மெஷின் இருக்குதல்ல.”

டம்ளரைக் கீழே வைத்தேன். மெதுவாகச் சொன்னேன். “வரேனுங், கமலாங்.”

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு, தூரத்தில் வண்டி வருகிறதா என்று கேட்கிற மாதிரி நின்றாள்.

“கேட்டுச்சு” என்றாள்.

குண்டூசி மூன்றையும் நானே பிடுங்கிவிட்டேன். இனி அவள் படிக்கலாம். ஒன்று மட்டும் எழுதிவிடு அம்மிணி, அப்புறம் மூடிவிடலாம். துரையும், அவரைப் பார்த்துப் பார்த்து ஷெட் ஆட்களுமாக, விளையாட்டாகவும் விளையாட்டில்லாமலும் என்னை அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டவர்கள் இவர்கள். ஃபெர்ன்லி துரை, அவர் கடல் தாண்டிப் போய்ச் செத்தார். எஞ்சினில் எனக்கு மூத்த பயர்மேன் பிச்சைமுத்து, பாலக்காட்டில் ரிட்டயர் ஆன மறு வருஷமே போனான். டூட்டிக்கு ஆள் எழுப்ப வருகிற ரசாக் பாய், நோன்பு மாதத்தில் போனார். ஷெட் மேஸ்திரி லாரன்ஸ், கொரோனாவில் போனார், முகம்கூடப் பார்க்கவில்லை. இனி அந்த வார்த்தை சொல்லி என்னைக் கூப்பிட ஆள் இல்லை என்றுதான் இன்று காலை வரைக்கும் கணக்கு வைத்திருந்தேன். கணக்கு தப்பு. இருக்கிறது ஒரே ஆள், கமலாத்தாள்.